விரியன் என்றால் எந்த விரியன்?

நைட் டியூட்டிக்குச் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது மகன் புத்தகத்தோடு வந்து நின்றான். பள்ளியில் வினாடி வினாவாம். "அம்மா, உலகத்துலயே விஷம் அதிகமான பாம்பு எது?" என்றான். யோசிக்காமல் கட்டுவிரியன் என்று சொன்னேன். "தப்பு. இன்லேண்ட் தைப்பான். ஆஸ்திரேலியாவுல இருக்கு." அவன் சொன்னதுதான் சரி. ஆனாலும் பஸ்ஸில் போகும்போது அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை, ஏனென்றால் பதினான்கு வருஷமாகக் காஷுவாலிட்டியில் நான் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி வேறு.

அந்தத் தைப்பானின் விஷத்தை எலிகளுக்குக் கொடுத்து அளந்திருக்கிறார்கள். ஒரு கிலோ எடைக்கு 0.025 மில்லிகிராம் போனாலே பாதி எலிகள் செத்துவிடுமாம். ஒரே கடியில் நூறு பேரைக் கொல்லும் என்றுகூடக் கணக்குச் சொல்வார்கள். ஆனால் அது ஆள் நடமாட்டமே குறைவான வறண்ட மண்ணில், வெடிப்புக்குள் ஒளிந்து எலி தின்று வாழ்கிற, கூச்சமுள்ள பாம்பு. அது கடித்து ஒருவர் இறந்ததாக உறுதியான பதிவே இல்லை. இந்தியாவிலோ 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்கு 58,000 பேர். விஷத்தின் வீரியம் ஒரு பக்கம் இருக்கட்டும், நாம் நடக்கிற வரப்பிலும் படுக்கிற பாய்க்குப் பக்கத்திலும் எந்தப் பாம்பு இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

எங்கள் பக்கம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம். வரைபடத்தில் கேரளா, டீக்கடையில் தமிழ். தென்னந்தோப்பு, கடலைக்காடு, நெல் வயல். விடியும் முன்னே கள் இறக்கப் போகிறவர்கள், ராத்திரியில் மோட்டார் போடப் போகிறவர்கள், சாளையில் மண் தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள். இவர்களில் ஒருவரைத்தான் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு வருவார்கள். வந்ததும் உறவுக்காரர்கள் சொல்வது முக்கால்வாசி நேரம் ஒரே வாக்கியம்: "விரியன் கடிச்சுப்போடுச்சுங்க சிஸ்டர்."

இந்த வார்த்தையில்தான் நான் ஒருமுறை வழுக்கி விழுந்தேன்.

தமிழில் கண்ணாடி விரியனும் விரியன், சுருட்டை விரியனும் விரியன், கட்டுவிரியனும் விரியன். முதல் இரண்டும் ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற பாம்புகள். கண்ணாடி விரியன் கடித்தால் கால் வீங்கும், வலி தாங்காது, ஈறில் ரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும். கட்டுவிரியன் அந்த ஜாதியே இல்லை, அது நல்ல பாம்பின் சொந்தம். நரம்பைப் பிடித்து, கடைசியில் மூச்சை நிறுத்தும். வீக்கம் இருக்காது, வலி பெரிதாக இருக்காது, பல் பட்ட இடம்கூடத் தெரியாமல் போகும். மலையாளத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. கண்ணாடி விரியன் அணலி, கட்டுவிரியன் வெள்ளிக்கெட்டன். இரண்டு பெயருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். அப்போது இருந்தது வேறொரு சின்ன ஆஸ்பத்திரி. ராத்திரி ஒரு மணிக்கு நாற்பது வயசுப் பெண் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். தரையில் தூங்கிக்கொண்டிருந்தவர் கையில் ஏதோ பட்டது போல விழித்தாராம். டார்ச் அடித்த வீட்டுக்காரர், பாம்பு நெல் மூட்டைக்கு அடியில் போவதைப் பார்த்திருக்கிறார். "விரியன்தானுங்க" என்றார். டாக்டர் கண்ணூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் அவ்வளவாக வராது. "ஏது பாம்பா சிஸ்டரே?" என்று என்னைக் கேட்டார். "அணலி" என்று சொல்லிவிட்டேன்.

அணலி என்று கேட்டதும் எல்லாருடைய கண்ணும் ரத்தத்தின் மேலேயே இருந்தது. ரத்தம் எடுத்தோம், இருபது நிமிஷம் வைத்தோம், நன்றாக உறைந்திருந்தது. கையில் வீக்கம் இல்லை. விஷம் இறங்காத கடியாக இருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கவைத்தோம். மூன்று மணி வாக்கில் வயிறு வலிக்கிறது என்றார். கேஸ் மாத்திரை கொடுத்தேன். இதை எழுதும்போதும் அந்த மாத்திரையைக் கிழித்த கையை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. கட்டுவிரியன் கடிக்கு வயிற்றுவலி ஒரு முக்கியமான அறிகுறி. நாலரைக்கு அவர் கண் சொருகியது. "பாவம், தூக்கம் வருதாட்டிருக்குதுங்க, தூங்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நினைத்தேன். தண்ணீர் கேட்டார், வாயில் ஊற்றினேன், உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது. அப்போதுதான் டாக்டரைக் கூப்பிட்டு ஓடினேன். இமையை விரலால் தூக்கினால் விழி நம்மைப் பார்க்கிறது, விரலை எடுத்தால் மூடிக்கொள்கிறது. நினைவு முழுசாக இருக்கிறது, உடம்பு மட்டும் கேட்கவில்லை.

விஷமுறிவு மருந்தைப் போட்டுக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏற்றினோம். பெரிய ஆஸ்பத்திரி போகும்வரை ஆம்பு பையை நான்தான் அமுக்கிக்கொண்டு போனேன். ஒன்று, இரண்டு, மூன்று, அமுக்கு. விட்டால் அவருக்கு மூச்சு இல்லை. வென்டிலேட்டரில் சில நாள் இருந்து பிழைத்துக்கொண்டார். அவர் பிழைத்ததால்தான் இதை எழுத முடிகிறது.

மருந்து என்னவோ ஒன்றுதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்து, ஏ.எஸ்.வி. என்போம். நான்கின் விஷத்தையும் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. அந்த விஷத்தில் பெரும் பங்கு மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கத்திலிருந்து போகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது எங்கள் வார்டில் நான் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். பலருக்கு ஏன் என்று புரியவில்லை. தினமும் அவர்கள் உழைப்பைக் கையில் உருட்டுகிறவளுக்குத் தெரியும்.

உருட்டுவது என்றால் நிஜமாகவே உருட்டுவதுதான். மருந்து உறைய வைத்து உலர்த்திய பொடியாக வரும். பத்து மில்லி தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். அவசரம் என்று குலுக்கினால் நுரைத்துவிடும், அதனால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, திரி உருட்டுவது போல மெதுவாக உருட்ட வேண்டும். முதல் தவணைக்கே எட்டிலிருந்து பத்துக் குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து அளந்து விஷத்தை இறக்குவதில்லை. வெளியே சொந்தக்காரர்கள் "சீக்கிரம் ஊசி போடுங்க" என்று கத்துவார்கள். உள்ளே நாங்கள் உருட்டிக்கொண்டிருப்போம். தயவுசெய்து அந்த நேரத்தில் எங்களை நம்புங்கள்.

நெல்லியாம்பதி எஸ்டேட் பக்கமிருந்து வருகிறவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. மூக்கு நுனி தூக்கியிருக்கும் குட்டையான விரியன் ஒன்று அங்கே இருக்கிறது. அதை அணலிக் குட்டி என்றோ சுருட்டை என்றோ சொல்லிக்கொண்டு வருவார்கள். அந்த விஷத்துக்கு நம்மிடம் இருக்கிற ஏ.எஸ்.வி. வேலை செய்யாது. பெயரை நம்பிக் குப்பி குப்பியாக ஏற்றினால் மருந்தின் ஒவ்வாமைதான் மிச்சம், அந்த விஷம் கெடுக்கிற சிறுநீரகத்துக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

அதனால் இப்போதெல்லாம் யார் விரியன் என்றாலும் நான் பெயரை எழுதுவதில்லை. கேட்கிறேன். படுத்திருந்தீங்களா, நடந்தீங்களா? உள்ளேயா, காட்டிலயா? உடம்பில் சங்கிலி மாதிரி வட்டம் வட்டமாக இருந்ததா, கறுப்பில் மெல்லிசாக வெள்ளைக் கோடு குறுக்கே போச்சா? குக்கர் சத்தம் மாதிரி சீறுச்சா? போனில் படம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பரவாயில்லை. பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு மட்டும் வராதீர்கள், செத்த தலையும் கடிக்கும். தரையில் படுத்து எழுந்தவர் காரணமில்லாமல் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு என்று விடியற்காலையில் வந்தால், பாம்பு என்ற பேச்சே எடுக்காவிட்டாலும், முதலில் இமையைத்தான் பார்க்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகிறவர்களிடம் கட்டில் வாங்குங்கள் என்று சொல்லிப் பயனில்லை, காசு வேண்டுமே. கொசுவலையைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகிவிட்டுப் படுங்கள் என்கிறேன். அது முடியும்.

மகன் கேள்வி கேட்ட அந்த ராத்திரியும் ஒருவர் வந்தார். கள் இறக்குகிறவர், தோப்புக் கொட்டகையில் தரையில் படுத்திருந்திருக்கிறார், புறங்கையில் ஒரு புள்ளி. கூட வந்த தம்பி விரியன் என்றான். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து நிறுத்தினேன். சோப்புப் போட்டுக் கழுவாத புதுக் குழாய், இருபது நிமிஷம் ஆடாமல் அசையாமல். அது நிற்கும்போதே அவரிடம், "அண்ணா, மூச்சை நல்லா இழுத்துட்டு, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணுங்க" என்றேன். இருபத்தாறு வரை போனார். இருபது நிமிஷம் கழித்துக் குழாயைச் சாய்த்தேன், உறைந்திருந்தது. திரும்ப எண்ணச் சொன்னேன், பத்தொன்பது. இமை லேசாக இறங்கியிருந்தது. டாக்டரிடம் "வெள்ளிக்கெட்டன் போலத் தெரியுது டாக்டர், மூச்சு குறையுது" என்று சொல்லிவிட்டுக் குப்பிகளை உருட்ட ஆரம்பித்தேன். மருந்து ஏறும்போதே ஒருமுறை பதினாறுக்கு இறங்கியது, வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஆம்புலன்ஸை வாசலில் நிறுத்தி வைத்தோம். அரை மணிக்கு ஒருதரம் எண்ணவைத்து, கேஸ் ஷீட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். பதினாறு, பதினாறு, பதினேழு. விடிந்து டியூட்டி மாறும்போது, எழுந்து உட்கார்ந்துகொண்டு இருபத்துமூன்று வரை எண்ணினார்.