மதர்போட் மாறியதும் மறந்துபோன விண்டோஸ்

களுவாஞ்சிக்குடி மாமா பஸ்ஸில் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு கல்லடிக்கே வந்துவிட்டார். "மருமகன், விண்டோஸ ஆக்டிவேட் பண்ணு எண்டு திரை மூலையில நிக்குது. நான் காசு குடுத்துத்தானே வாங்கின?"

செட்டிங்ஸில் பார்த்தேன். எஃப்211 என்று முடிகிற பிழை எண். வன்பொருள் மாறினால் வருவது. கிண்டிக் கேட்டபிறகுதான் சொல்கிறார், போன மாத இடிமின்னலில் மதர்போட் (பாகங்களையெல்லாம் இணைக்கிற முதன்மைப் பலகை) எரிந்து புதிதாகப் போட்டாராம். அதை முதலே சொன்னால் என்ன?

விண்டோஸைப் பாவிக்கிற உரிமையான டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போட்டைத்தான் அடையாளம் வைத்திருக்கும். கொம்பியூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸ் என்றால் பெரும்பாலும் அந்த லைசன்ஸ் பழைய மதர்போட்டோடு போயிற்று. மாமாவுடையது தனியாக வாங்கியது. ஆக்டிவேட் பண்ணுகிற 25 எழுத்துக் கீ இருந்த பெட்டியைக் கறையான் தின்றுவிட்டது. நல்லவேளை, மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைத்திருந்தார். ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட், அப்புறம் 'அண்மையில் வன்பொருள் மாற்றினேன்', கணக்கில் நுழைந்து பழைய கொம்பியூட்டரின் பெயரைத் தெரிவுசெய்தால் சரி. இரண்டு நிமிட வேலை.

கடவுச்சொல்லுக்குத்தான் ஒன்றரை மணிநேரம். மச்சாளுக்குப் போன் எடுத்தோம். வீட்டு நாயின் பெயராம். டொமிக்கு ஒரு எம்மா, இரண்டு எம்மா என்று அப்பனும் மகளும் போனிலேயே சண்டை.