வட்டம் விழுந்த கதை

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் எடுத்த செம்மண், அம்மா அரைத்துப் புளிக்க வைத்த இட்லி மாவு, முதுநகரில் பெரியம்மா வீட்டு எருமைத் தயிர். இவற்றில் உள்ள பாக்டீரியா மற்ற பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடு (சிறிய புரதத் துண்டு) எதையாவது சுரக்கிறதா என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. மூன்றையும் ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் மீன் என்று நினைத்து முகத்தைச் சுளித்தார்.

மண்ணைத் தண்ணீரில் கரைத்து 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால் மற்றவை செத்துப்போகும். வித்து உருவாக்கும் பேசில்லஸ் வகைகள் தப்பிக்கும். மாவுக்கும் தயிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா வளரும் ஊடகம். இதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது.

அப்புறம்தான் சொதப்பல். எதைக் கொல்கிறது என்று சோதிக்க ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை எடுத்தேன். இரண்டு வாரம் ஒரு பிளேட்டிலும் ஒன்றும் இல்லை. "வெளிச்சவ்வு இருக்கிற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவை வச்சுக்கிட்டுத் தேடினா, அந்தச் சவ்வே பெப்டைடைத் தடுத்துடும், எப்படிம்மா கிடைக்கும்?" என்றார் கைடு. வெளிச்சவ்வு இல்லாத மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் பாக்டீரியாவுக்கு மாறினேன். மறுநாள் காலை, மைக்ரோகாக்கஸின் மஞ்சள் படலத்தின் நடுவே பதினொரு காலனிகளைச் சுற்றி, அது வளராத தெளிவான வட்டங்கள்! லேப் முழுக்கப் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பால்கோவாவை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. வட்டம் விழுவது பெரிய விஷயமே இல்லை, அது எதனால் விழுந்தது என்பதில்தான் வேலையே இருக்கிறது. புளிப்பும் கொல்லும், ஹைட்ரஜன் பெராக்சைடும் கொல்லும். பாக்டீரியா வளர்ந்த திரவத்தைச் சுழற்றி, வடிகட்டி, காரம் சேர்த்து பிஹெச் 6.5-க்குக் கொண்டுவந்து, பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியும் கலந்து மறுபடி சோதித்தபோது இட்லி மாவின் ஆறு வட்டங்களும் காணாமல் போயின. எல்லாம் வெறும் அமிலமோ பெராக்சைடோதான்.

மிச்சம் ஐந்து. அடுத்தது புரோட்டீனேஸ் கே. புரதத்தைச் சிதைக்கும் நொதி என்பதால், பெப்டைடு என்றால் வட்டம் மறைய வேண்டும். மண்ணிலிருந்து வந்த மூன்று பேசில்லஸ் அசையவே இல்லை. குடுவையைக் குலுக்கினால் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை வேறு. மூலக்கூறின் நிறை பார்த்தபோது 1,000 டால்டனுக்கு (மூலக்கூறு நிறையின் அலகு) சற்று மேலே, 14 டால்டன் இடைவெளியில் வரிசையாகச் சிகரங்கள். சர்ஃபாக்டின் குடும்பத்து லிப்போபெப்டைடு, அதாவது கொழுப்பு ஒட்டிய பெப்டைடு; வளையமாக இருப்பதால் நொதி எளிதில் வெட்டாது. உலகத்தில் பாதிப் பேருக்கு மண்ணிலிருந்து முதலில் கிடைப்பது இதுதான் என்று சீனியர் அக்கா ஆறுதல் சொன்னார்.

தயிரில் கிடைத்ததுதான் என்னை நன்றாக ஏமாற்றியது. புரோட்டீனேஸில் மறைந்தது, கொதிக்க வைத்தும் நின்றது. எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே. அம்மோனியம் சல்பேட்டில் படிய வைத்து, சவ்வுப் பையில் உப்பை நீக்கும் டயாலிசிஸ் செய்து, அளவுவாரியாகப் பிரிக்க ஜெல்லில் ஓட்டி, அந்த ஜெல் மேலேயே மைக்ரோகாக்கஸை ஊற்றி, எந்தப் பட்டை கொல்கிறது என்று பார்க்க நான்கு மாதம். அதில் பாதி நாள் டயாலிசிஸ் பையில் ஓட்டை. கடைசியில் நிறை வந்தது: 3,331 டால்டன். நைசின் இசட், ஏற்கெனவே தெரிந்த நைசின் என்ற பெப்டைடின் ஒரு வகை.

நைசினின் கொல்லும் தன்மையை 1928-லேயே கவனித்துவிட்டார்கள். 34 அமினோ அமிலம். பாலாடைக்கட்டி கெடாமலிருக்க உலகமெங்கும் சேர்க்கிறார்கள். பெரியம்மாவிடம் சொன்னேன். "எங்க தயிரு சீக்கிரம் கெடாதுன்னு எனக்கே தெரியுமே, இதுக்கா ஒரு வருஷம் படிச்ச?" என்றார்.

அதனால் இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். காரம், கேட்டலேஸ், புரோட்டீனேஸ் மூன்றையும் முதல் வாரத்திலேயே முடித்து, சுத்திகரிப்பில் இறங்கும் முன்பே நிறை பார்த்துவிடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

ஐந்தாவது? அதுவும் தோப்பு மண்தான். புரோட்டீனேஸில் மறைகிறது, நுரை இல்லை. நிறை எனக்குத் தெரிந்த எதோடும் பொருந்தவில்லை. மரபணு வரிசைக்கு அனுப்பியிருக்கிறேன். லேபில் கைடைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, பால்கோவாவும் வாங்கவில்லை.