கோடியக்கரைச் சேற்றில் ஒரு கொசு உள்ளான்

கோடியக்கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பூநாரைக்கும் வெளிமானுக்கும்தான் போகிறார்கள். தப்பில்லை. தூரத்துத் தண்ணீரில் இளஞ்சிவப்பாக ஒரு கூட்டம் நிற்கும்போது காலடிச் சேற்றை யார் பார்ப்பார்கள்? இந்த முறை நான் சேற்றை மட்டுமே பார்ப்பதென்று கிளம்பினேன். தேடிப் போனது கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவையை.

பெயருக்கேற்ற உருவம். அலகு நுனியிலிருந்து வால்வரை 12 முதல் 14 செ.மீ.தான், சிட்டுக்குருவியைவிடச் சிறியது. இந்த உடம்போடு ஆர்க்டிக் தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் கரை வரை வந்து சேர்கிறது.

வேதாரண்யம் தாண்டி, 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய அகஸ்தியம்பள்ளி வழியாகச் சாலை தெற்கே போகிறது. இருபுறமும் உப்பளம். வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த பாத்திகளில் பறவை தேடிப் பயனில்லை. கடல்நீரை முதலில் தேக்கி வைக்கிற, உப்பு அவ்வளவாக ஏறாத பாத்திகளில்தான் கூட்டம். அங்கே சேற்றில் ஈக்களின் புழுவும் பொடி இறாலும் கிடைக்கின்றன. சரணாலயமாக 1967இல் அறிவிக்கப்பட்ட இடம், 2002இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

வெயில் ஏறுமுன் வரப்போரம் உட்கார்ந்துவிட்டேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிரே இருந்தால் எல்லாமே கறுப்புப் புள்ளிகள்தான். முதலில் உப்புக்கொத்திகளை ஒதுக்கினேன். அது சுலபம். குடுகுடுவென ஓடும், சட்டென நிற்கும், பார்க்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். பெரிய கண்ணை நம்பி இரை தேடுகிற பறவை அது. கொசு உள்ளானுக்கு நிற்கவே நேரமில்லை. தையல் மெஷின் ஊசிபோலத் தலை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கிறது. கூடவே மேய்ந்த வளைமூக்கு உள்ளான்கள் வயிறுவரை தண்ணீரில் இறங்கி நின்றன; இது ஈரச் சேற்றின் விளிம்பை விட்டு நகரவில்லை. குட்டையான, நேரான கறுப்பு அலகு, கறுப்புக் கால், வெள்ளை மார்பு, சாம்பல் முதுகு. சரி, சந்தேகமே இல்லை.

வரப்பில் வந்த உப்பளத்து அம்மா ஒருவர் நின்று பார்த்தார். "பூநாரை அந்தப் பக்கம்ல நிக்குது, தம்பி?"

"தெரியும்மா, இந்தப் பொடிசைத்தான் பாக்குறேன்."

"இதையா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்புறம்தான் விஷயம் சுவாரசியமானது. பாத்திக்கு வெளியே, மழைநீர் தேங்கிய ஒரு பள்ளத்தில், புல்லோரமாக இன்னொரு பொடிசு. அளவு அதேதான், காலும் கறுப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் நடை வேறு. பரபரப்பே இல்லை. காலை மடக்கிப் பதுங்கினாற்போல ஊர்ந்து ஊர்ந்து கொத்தியது. தனியாகவும் இருந்தது.

கையேடுகள் கொசு உள்ளான் இனங்களைப் பிரிக்கக் கால் நிறத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்கின்றன. அந்த வரிசையை நான் மாற்றிவிடுவேன். இங்கே சேறு கறுப்பு. அதில் நடந்து காய்ந்தால் எந்தக் காலும் கறுப்புதான். அதனால் மார்புக்குப் போனேன். நடுவில் வெள்ளை இல்லாமல், கழுத்துக்குக் கீழே குறுக்காக மங்கிய பழுப்பு நிறம் ஓடியது. வயிற்றின் வெள்ளை அதற்குக் கீழேதான் தொடங்கியது. முதுகிலும் புள்ளி, கோடு எதுவும் எடுப்பாக இல்லை. கொசு உள்ளானின் நெருங்கிய சொந்தமான இன்னோர் இனம், டெமிங்க் கொசு உள்ளானாக இருக்கலாம் என்று தோன்றியது. புல் முளைத்த நன்னீர்ச் சேறு அதற்குப் பிடித்த இடமும்கூட.

கொஞ்ச நேரத்தில் அது பள்ளத்துத் தண்ணீரில் இறங்கி மறுகரை ஏறியது. சேறு கழுவிப்போய், கணுக்காலுக்குக் கீழே பச்சை கலந்த மஞ்சள்! மீதிச் சந்தேகத்தைத் தாழப் பறந்த பருந்தொன்று முடித்துவைத்தது. பறவை 'டிர்ர்ர்' என்று நடுங்கும் குரலில் கத்திக்கொண்டு நேரே மேலே எழும்பியது. வால் விரிந்தபோது இரு ஓரமும் தூய வெள்ளை. கொசு உள்ளானுக்கு அந்த ஓரங்கள் சாம்பல். குரலும் 'ஸ்டிட்' என்று கத்தரித்த மாதிரி வரும்.

இந்த இரண்டையும் அறிவியலுக்கு விவரித்தவர் லைஸ்லர் என்ற ஒரே ஜெர்மானியர், இரண்டும் 1812இல். பைனாகுலர் இல்லாத காலத்தில், கையில் கிடைத்த உடலை வைத்துப் பிரித்திருக்கிறார். சேற்றில் ஓடுவதைப் பிரிப்பது வேறு வேலை.

போக நினைப்பவர்களுக்கு: உப்பளத்துக்குள்ளும் சதுப்புக்குள்ளும் நினைத்த இடத்தில் நுழைய முடியாது, வனத்துறையிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் எடுத்துப் போங்கள். இவ்வளவு சிறிய பறவைக்குப் பைனாகுலர் சில சமயம் போதாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவை எல்லாம் சாம்பல் உடையில் இருக்கும். ஏப்ரலில் போனால், கிளம்பத் தயாராகும் சில கொசு உள்ளான்களுக்கு முகமும் தோளும் செம்பழுப்பாகி, முதுகில் வெளிர்நிற 'வி' வடிவக் கோடும் வந்திருக்கும். அப்போது மார்பைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கோட்டைத் தேடுங்கள்.