மிஸ்ட் (பனிமூட்டம்) ஃபோட்டோவ வாட்ஸ்அப் கையில குடுக்காதீங்க, நீங்களே சின்னதாக்குங்க

கோத்தகிரி பக்கம் இருக்கிறவங்களுக்கு படம் எடுக்க எங்கயும் அலைய வேணாம், ஜன்னல தொறந்தாலே போதும். ஆனா எடுத்த கையோட அப்படியே வாட்ஸ்அப் குரூப்ல தட்டிவிட்டுடறாங்க பாருங்க, அதுதான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது.

கொடநாடு வியூ பாயின்ட்ல இருந்து ரங்கசாமி மலை தெரியுற மாதிரி என் தங்கச்சி ஒரு படம் அனுப்பிருந்தா. ஃபோன்ல பாக்க அவ்ளோ அழகு, கம்ப்யூட்டர்ல பெருசா தொறந்தா மிஸ்ட் இருக்கிற எடமெல்லாம் பட்டை பட்டையா படி, மலை விளிம்புல கொசு மொய்ச்ச மாதிரி புள்ளிங்க. அவ கேமராவுல ஒரு குறையும் இல்ல, அனுப்புறப்போ வாட்ஸ்அப் தானா சுருக்குனதுல வந்த வினை. ஜேபெக்ங்கிறது (நம்ம ஃபோட்டோவெல்லாம் வழக்கமா சேவ் ஆகுற ஃபைல் வகை) படத்த 8க்கு 8 பிக்சல் கட்டம் கட்டமா பிரிச்சுதான் சுருக்கும், ரொம்ப அழுத்திச் சுருக்குனா ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் இருக்கிற லேசான நிற வித்தியாசம்தான் மொதல்ல போகும், வெள்ளையில இருந்து சாம்பலுக்கு மெதுவா எறங்குற மிஸ்ட்ல வேற எதுவுமே இல்லாததால அது பளிச்சுனு காட்டிக்குடுத்துடும். அதே அளவு சுருக்கத்த தேயிலைத் தோட்டத்துப் படம் தாங்கும், இலை இலையா நெறஞ்சு கெடக்கிறதுல கண்ணுக்குப் படாது. ஆனா ஒரே குவாலிட்டில சேவ் பண்ணா தேயிலை ஃபைல்தான் பெருசா வரும், மிஸ்ட் ஃபைல் சின்னதாயிடும், அதனால எல்லா படத்துக்கும் ஃபைல் இத்தனை கிலோபைட்னு ஒரே கணக்கு வெக்காதீங்க.

நான் பண்றது இதுதான். 24 மெகாபிக்சல் கேமரான்னா படம் 6000க்கு 4000 இருக்கும். நீளமான பக்கத்த 2048னு போட்டா இன்னொரு பக்கம் தானா 1365 வந்துடும், 2 கோடியே 40 லட்சம் பிக்சல் இருந்தது கிட்டத்தட்ட 28 லட்சமா கொறையுது, ஸ்க்ரீன்ல பாக்க அது தாராளம். இன்ஸ்டாகிராமுக்கு மட்டும்னா அகலம் 1080 வெச்சுக்கலாம். டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளி) 72ஆ 300ஆன்னு மண்டைய ஒடச்சுக்காதீங்க, அது பிரிண்ட் போடுறவங்க பாக்க வேண்டிய நம்பர். சின்னதாக்குன பிறகு கொஞ்சமா ஷார்ப்பன் (விளிம்பெல்லாம் கூர்மையாத் தெரிய வெக்கிறது) பண்ணுங்க, முன்னாடி பண்ணி பிரயோஜனம் இல்ல. சில்வர் ஓக் மரம் வானத்த தொடுற எடத்துல வெள்ளைக் கோடு விழுந்துச்சுன்னா அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம், கொறைங்க. கலர் எஸ்ஆர்ஜிபில (எல்லா ஸ்க்ரீனுக்கும் பொதுவான கலர் கணக்கு) இருக்கட்டும், இல்லன்னா சில எடத்துல பச்சையெல்லாம் வெளிறிப் போய்த் தெரியும். சேவ் பண்றப்போ கேக்குற குவாலிட்டி 100க்கு 85 சரியா இருக்கும், மிஸ்ட் படத்துக்கு மட்டும் நான் 90க்கு கீழ எறங்க மாட்டேன். இதெல்லாம் பண்ற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் கிம்ப், இர்ஃபான்வியூ ரெண்டுமே நம்ம சொந்த உபயோகத்துக்கு காசில்லாம கெடைக்குது.

ஒரிஜினல் மேல மட்டும் சேவ் பண்ணிடாதீங்க, புதுப் பேர்ல போடுங்க. 2018ல பூத்த குறிஞ்சி அடுத்து 2030லதான், அந்தப் படத்தோட ஒரிஜினல் போச்சுன்னா அதுவரைக்கும் உக்காந்திருக்கணும். வேற அளவு வேணும்னாலும் ஒரிஜினல்ல இருந்தே திரும்ப எடுங்க, சின்னத பெருசாக்குனா போன விவரம் திரும்பி வராது.

அனுப்புறப்போ வாட்ஸ்அப்ல டாக்குமென்ட்டா அனுப்புனா நீங்க பண்ணது அப்படியே போய்ச் சேரும். ஆனா கேமராவுல லொகேஷன் ஆன் பண்ணி ஃபோன்ல எடுத்த படமா இருந்தா எந்த எடத்துல எடுத்தீங்கங்கிற லொகேஷனும் கூடவே போகும், இது நெறைய பேருக்குத் தெரியல. சோலைக்குள்ள ஒரு ஆர்க்கிட் பூத்திருக்கு, இல்ல யானை குட்டியோட நிக்குதுன்னா அந்த எடம் ஊருக்கே தெரியுறது நல்லதில்ல, ஆர்க்கிட்ட வேரோட புடுங்கிட்டுப் போக ஆளுங்க இருக்காங்க. கிம்ப்ல எக்ஸ்போர்ட் பண்றப்போ எக்ஸிஃப் (லொகேஷன், தேதி மாதிரி படத்தோட ஒட்டிட்டு வர்ற விவரம்) சேவ் பண்ணவான்னு ஒரு டிக் இருக்கும், அத எடுத்துட்டு அனுப்புங்க.