கிளின்சே-சா மந்தை

கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைக்காட்டில் கிளின்சே-சா என்று ஒரு மந்தை, காரிபு என்ற குளிர்நாட்டு மான்களுடையது. 2013-இல் அதில் மிஞ்சியது வெறும் 38. ஓநாய் தின்றுவிட்டது என்று சொல்வது சுலபம். ஆனால் காரிபுக்குப் பழைய காடு வேண்டும், அங்கே மரத்திலும் தரையிலும் பாசி போல மெதுவாக வளரும் லைக்கன்தான் அதன் குளிர்காலச் சாப்பாடு. அந்தக் காட்டை வெட்டினால் முளைக்கும் இளந்தளிரைத் தேடி மூஸ் மான் வரும், அதைத் தேடி ஓநாய் வரும், எண்ணெய் தேடப் போட்ட தடங்கள் ஓநாய்க்கு நல்ல சாலை. ஆண்டுக்கு ஒரே கன்று ஈனும் விலங்கு எப்படித் தாங்கும்?

அப்புறம் அங்குள்ள பூர்வகுடிகள், வெஸ்ட் மோபர்லி, சோட்டோ மக்கள், 2014 முதல் சினைக் காரிபுகளை மலைமேல் வேலி அடைப்பில் வைத்து, கையால் பறித்த லைக்கனும் கொடுத்து, கன்று கொஞ்சம் தேறியதும் வெளியே விட்டார்கள். ஓநாய்களையும் கொன்று குறைத்தார்கள். அது எனக்கு வலிக்கிறது, ஆனாலும் அந்த நேரத்தில் வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை. 2022-க்குள் மந்தை 100-ஐத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் காரிபு குறைகிறது என்று 1970-களிலேயே வேட்டையைத் தாங்களாக நிறுத்திக்கொண்டவர்கள் வெஸ்ட் மோபர்லி மக்கள்.