நிலவேம்பின் கசப்பைத் தனியே பிரித்தபோது

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு நிலவேம்பை எடுத்துக்கொண்டேன். அதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு இலையில் தாராளமாக இருக்கிறது. முதன்முதலாக ஒரு சேர்மத்தைப் பிரித்துப் பழகுகிறவர்கள், யாரும் காணாததைக் காணப்போகிறேன் என்று இறங்குவதைவிட இப்படித் தெரிந்த ஒன்றில் கைவைப்பதே நல்லது என்பது என் கட்சி.

பூத்திருந்த கிளை ஒன்றை அழுத்தி உலர்த்தி, இன்ன செடிதான் என்று தாவரவியல்காரர்களிடம் உறுதிசெய்துகொண்டேன். மற்ற இலைகளைக் காரைக்குடி வெயிலில் போடாமல், வீட்டு வளவைச் சுற்றிய பத்தியில் துணி விரித்து நிழலில் காயவைத்தேன். "கஷாயம் வச்சுக் குடிக்கிறதை விட்டுட்டு இதுல என்னத்தப்பா பிரிக்கப்போறே?" என்றார் அப்பத்தா. மிக்ஸியில் அரைத்த அன்று உதட்டை நனைத்தாலே கசந்தது. அந்த ஜாரை அப்புறம் சட்னிக்கு யாரும் தொடவில்லை.

பொடியை டைகுளோரோமீத்தேனும் மெத்தனாலும் சம அளவு கலந்த கரைப்பானில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கி வாங்கும் ரோட்டரி எவாப்பரேட்டரில் வற்றவைத்தேன். கிடைத்தது தார் மாதிரிக் கரும்பச்சைப் பிசின். இந்த இடத்தில் பலரும் நேராக சிலிக்கா காலம் (column), அதாவது சிலிக்கா தூள் நிரப்பிய குழாய் வழியாக விட்டுச் சேர்மங்களைப் பிரிக்கிற வேலைக்குப் போவார்கள். நிலவேம்புக்கு அது வேண்டியதில்லை. டொலுவீனில் பச்சையம் கரைந்துவிடும், ஆண்ட்ரோகிராஃபோலைடு அவ்வளவாகக் கரையாது. ஆவியை வெளியே இழுத்துவிடும் ஃபியூம் ஹூடுக்குள் வைத்து, டொலுவீன் நிறமில்லாமல் இறங்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவினேன். மிஞ்சியதைச் சூடான மெத்தனாலில் கரைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் குடுவையின் அடியில் தகடு தகடாகப் படிகங்கள், ஓரங்களில் மட்டும் லேசான பச்சை. இன்னொரு முறை படிகமாக்கியதும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. கலவையைத் தகட்டில் ஏறவிட்டுப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சியில், ஒப்பிட வைத்த சுத்தமான ஆண்ட்ரோகிராஃபோலைடுக்கு (ஸ்டாண்டர்டு) நேராக ஒரே புள்ளி.

ஒரே புள்ளியை வைத்து ஓரளவு சுத்தம் என்று சொல்லலாம், இன்ன பொருள் என்று அடித்துச் சொல்ல முடியாது. மூலக்கூறில் கார்பனும் ஹைட்ரஜனும் எப்படி அமைந்திருக்கின்றன என்று காட்டும் என்எம்ஆர் சோதனைக்கு வெளியூர் அனுப்பிவிட்டுக் காத்திருந்ததுதான் பெரும்பாடு. வந்த கார்பன் ஸ்பெக்ட்ரத்தில் ஆண்ட்ரோகிராஃபோலைடின் 20 கார்பன்களும் இருந்தன. 170 பிபிஎம் (ஸ்பெக்ட்ரத்தின் அளவுகோல்) பக்கம் லாக்டோன் என்கிற எஸ்டர் வளையத்தின் கார்போனைல், 148, 109 பக்கம் வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரட்டைப் பிணைப்பு. அதன் இரண்டு ஹைட்ரஜன்களும் புரோட்டான் ஸ்பெக்ட்ரத்தில் 4.6, 4.8 அருகே தனித்தனியாக நின்றன.

சரி, முடிந்தது என்று பார்த்தால், எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் பெரிய பீக் 373இல்! மூலக்கூறு எடையோ 350. எனக்குத் திக்கென்றது. கைடு தாளைப் பார்த்துவிட்டு, "23ஐக் கழிச்சுப் பாரு" என்றார். அந்த 23, கண்ணாடியிலிருந்தோ கரைப்பானிலிருந்தோ வந்து மூலக்கூறோடு ஒட்டிக்கொண்ட சோடியத்தின் எடை.