54 வாக்கியங்களும் 3 வளையங்களும்

புதிதாகத் தொழில் தொடங்க வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. முதல் நாள் காலை, டீ வருவதற்கு முன்பே ஆளுக்கொரு தாளை நீட்டிவிடுவேன். 54 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' போட வேண்டும். 'பார்க்கலாம்' என்று நழுவ முடியாது.

1980-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் சாலி கேர்டும் கிளிஃப் ஜான்சனும் உருவாக்கிய சோதனை இது; ஒருவருக்குத் தொழில்முனையும் குணம் எவ்வளவு என்று அளப்பது. சாதிக்கும் ஆவல், புதுமை, கணக்குப் போட்டு ரிஸ்க் எடுப்பது, விடாமுயற்சி என்று நாலுக்கும் தலா 12 மதிப்பெண். சுயமாக முடிவெடுப்பதற்கு மட்டும் 6. இந்த ஓரவஞ்சனை எனக்குப் பிடிக்காது. நம் ஊரில் பாதித் தொழில் வீட்டார் வேண்டாம் என்றதும் கூடத்திலேயே நின்றுபோகிறது. அதற்குத்தான் 12 கொடுத்திருக்க வேண்டும்.

பையன்கள் வரிசையாக 'ஆம்' அடித்துவிட்டு ஃபோனை எடுப்பார்கள். சுமார் பாதி வாக்கியங்கள் தலைகீழானவை, 'இல்லை' என்றால்தான் மதிப்பெண் என்பது கூட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். அப்புறம் ரப்பர் தேடுவார்கள்.

போன வருடம் ஒரு பேட்சில் மாவு அரைத்து விற்கும் அக்கா ஒருவர் வந்திருந்தார். தாளில் ஓரிடத்தில் பேனா நின்றுவிட்டது.

"சார், நான் நினைக்கிறத எழுதணுமா, நடக்கிறத எழுதணுமா?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நினைப்பதை எழுதுங்கள் என்றேன். அது சரியான பதில்தானா என்று இப்போதும் சந்தேகம்தான். ரிஸ்க் பகுதியில் அவருக்கு வந்தது 12-க்கு 4.

மதியம் வளையம் எறியும் விளையாட்டு. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்டின் ஆய்வுகளில் வருவது. 1960-களில் காக்கிநாடா வியாபாரிகளை ஹைதராபாத்துக்கு வரவழைத்து, சாதிக்கும் ஊக்கத்தைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று பார்த்தவர் அவர். விளையாட்டு எளிது: தரையில் ஒரு குச்சி, கையில் 3 வளையம், எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பது அவரவர் இஷ்டம். தூரம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். சாதிக்கும் ஊக்கம் உள்ளவர்கள் ஒட்டியும் நிற்பதில்லை, எட்டியும் நிற்பதில்லை. நடுத்தரமான தூரத்தைத்தான் எடுப்பார்கள் என்பது அவர் கண்டது.

பையன்கள் கடைசிச் சுவரில் முதுகை ஒட்டி நின்று எறிந்தார்கள். கைதட்டல் பலமாகக் கிடைத்தது, வளையம் ஒன்றும் விழவில்லை. அக்கா குச்சியிடம் போய் அதை லேசாக ஆட்டிப் பார்த்தார். அங்கிருந்து அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே பின்னால் வந்தார். ஏழாவது அடியில் நின்றார். முதலாவது தவறியதும் அரையடி முன்னே வந்தார். அடுத்த இரண்டும் விழுந்தன.

"ரிஸ்க் எடுக்க மாட்டேன்னு எழுதியிருக்கீங்களே அக்கா?"

"இதுல என்ன சார் ரிஸ்க்? திங்கக்கிழமை மாவு கம்மியா போகும்னு கம்மியா அரைக்கிறேன். மிஞ்சினா பணியாரக் கடைக்குக் குடுத்துடுவேன். அதுமாதிரிதான்."

அவருடைய 4-ஐத் திருத்தவா முடியும்? தாளின் ஓரத்தில் 'ஏழு அடி' என்று மட்டும் குறித்து வைத்தேன்.

எனக்கு அந்தச் சோதனையில் 45 வந்திருக்கிறது. பதினாறு வருடமாக மாதச் சம்பளம் வாங்குகிறேன். அன்று சாயங்காலம் ஹாலைப் பூட்டும் முன் நானும் வளையங்களைக் கையில் எடுத்தேன். எறிவதற்கு முன், வாட்ச்மேன் பார்க்கிறாரா என்று ஒருதரம் ஜன்னலை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.